கைவிடப்பட்டதாகக் கருதப்படும் நாஷ்டா வண்டி

வெட்டியாங்கரை பேரூராட்சியின் சுகாதார ஆய்வாளர் மோகன்குமார் நான்காவது இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்ததை வேதகிரி அப்போதுதான் பார்த்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் அரசாங்கத் தமிழுக்கு எழுத்து மட்டும் தெரிந்தால் போதாது. அதனால் பக்கத்தில் இருந்த படித்தவரையே கேட்டான்.

"சார், இது இன்னான்னு கொஞ்சம் பாருங்க சார்."

மோகன்குமார் நிமிர்ந்து பார்த்தார். பார்க்க அவசியமே இல்லை. முந்தின நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு அதை ஒட்டியவரே அவர்தான். இருந்தாலும் கடமை தவறாதவர் என்பதால் முழுக்கப் படித்தார்.

"பதினைந்து நாட்களுக்கு மேல் ஒரே இடத்தில் அசைவற்று நிற்கும் இவ்வாகனம் கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது. உரிமையாளர் எவரேனும் இருப்பின் ஏழு நாட்களுக்குள் அகற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் பேரூராட்சியே இழுத்துச் செல்லும்." படித்துவிட்டுத் துக்கம் விசாரிக்கிறவர் மாதிரி உச்சுக்கொட்டினார். "உன் வண்டிய யாரோ கைவிட்டுட்டாங்கப்பா. கொஞ்சம் சட்னி ஊத்தச் சொல்லு."

வண்டிக்குள் அடுப்படியில் நின்றிருந்த அவன் மனைவி ஆண்டாளம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இன்னா சார் அநியாயமா கீது? டெய்லி காத்தால இங்கதானே துன்றீங்க?"

"சாப்பிடற ஆளா எனக்குத் தெரியும்மா. ஆபீசரா எனக்குத் தெரியாது. கள ஆய்வு நேரம் பிற்பகல் மூணுலேர்ந்து நாலு. பதினஞ்சு நாள் வந்து பாத்தேன், பதினஞ்சு நாளும் பூட்டிக் கெடந்துச்சு. ஆள் இல்ல, அடுப்பு இல்ல. மேல ஒரு காக்கா மட்டும் இருந்துச்சு. போட்டோ இருக்கு."

காலை ஐந்தரைக்குத் திறந்து பதினொரு மணிக்கு மூடுகிற நாஷ்டா கடையில் மூன்று மணிக்குக் காக்கையைத் தவிர வேறு யார் இருப்பார்கள் என்று வேதகிரி கேட்க நினைத்தான். அதற்குள் அவர் கைகழுவப் போய்விட்டார்.

அந்த வண்டி ஒரு காலத்தில் ஏனாத்தூருக்குக் காலேஜ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடிய வேன். வேதகிரி அதில் ஒன்பது வருஷம் கிளீனர். எஞ்சின் செத்த அன்று முதலாளி வண்டியை அவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவன் அதை ஏரிமுனைக்குத் தள்ளி வந்து, ஒரு பக்கத்துத் தகரத்தை வெட்டிப் பலகை மாட்டினான். விடியற்காலையில் மானாம்பதிக்கும் திருப்புலிவனத்துக்கும் நடவுக்கும் களைக்கும் ஆள் ஏற்றிப் போகிற டெம்போ ஏரிமுனையில்தான் நிற்கும். ஏறுகிறவர்கள் ஆண்டாளம்மாளின் இட்லியை விழுங்கிவிட்டு ஏறுவார்கள். சாயங்காலம் வரைக்கும் அவர்களுக்கு அதுதான் தெம்பு.

அதற்கு முன்னால் அவள் அதே இடத்தில் தரையில் அடுப்பு வைத்துக்கொண்டிருந்தவள்தான். அப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருத்தர் வந்து, "யார் எடத்துல குந்திக்கினு கீற?" என்று கேட்டுவிட்டுப் போவார். வண்டி வந்த பிறகு யாரும் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில், பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளத் தக்க முதல் இடம் அந்த வேன்தான். அது போனால் பொழைப்பு போகும் என்பது மட்டுமில்லை, அந்தப் பழைய கேள்வி திரும்பி வரும்.

நோட்டீஸ் வரும்படி மனு போட்டது யார்? வேதகிரிக்கு அன்றைக்கெல்லாம் இதே யோசனை. பஸ் ஸ்டாண்டு டீக்கடை வீராசாமி மேல் முதலில் சந்தேகம் வந்தது. போன மாசம் அவர் காரணமே இல்லாமல் சிரித்தார். அப்புறம் மச்சான் மேல் வந்தது. அவன் காரணமே இல்லாமல் சிரிக்காமல் இருந்தான். சாயங்காலத்துக்குள் தெருவில் அவன் சந்தேகப்படாத ஆள் ஆண்டாளம்மாள் ஒருத்திதான். அவளையும், "நீ ஆர்கிட்டயாச்சும் இன்னாச்சும் சொன்னியா?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனான். செயல் அலுவலர் பஞ்சாட்சரம் அவனை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அன்பாகப் பேசினார்.

"நான் வண்டிக்கு எதிரி இல்லப்பா. அசையாம நிக்கிறதுக்குத்தான் எதிரி. ஒரே எடத்துல அசையாம இருக்கிற எதையும் இந்த நிர்வாகம் பொறுத்துக்காது," என்றார். மூன்று மாறுதல் உத்தரவுகளை ரத்து செய்ய வைத்து ஏழு வருஷமாக அதே நாற்காலியில் இருக்கிறவர் அவர்.

ஜன்னலுக்கு வெளியே கொட்டகையில் பேரூராட்சியின் பழைய ஜீப் நின்றிருந்தது. அதன் பானட் வழியாக ஒரு வேப்பங்கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வேதகிரி அதைப் பார்த்ததை பஞ்சாட்சரமும் பார்த்தார்.

"அது கைவிடப்படல. கோப்புல இருக்கு."

"அப்ப என் வண்டி சக்கரத்தக் கயட்டிட்டா இன்னா சார்? வண்டியே இல்லன்னு ஆயிடும்ல?"

"கழட்டினா அது கட்டடம். கட்டடம்னா வரைபட அனுமதி. அனுமதின்னா பட்டா. பட்டா இருக்கா?"

வேதகிரி அடுத்த வழிக்குத் தாவினான்.

"எஞ்சின் போட்டு ஓட்டினா?"

"ஓட்டினா தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வேணும். அது வேற டிபார்ட்மென்ட். அவங்க எங்கள மாதிரி தன்மையாப் பேச மாட்டாங்க."

"அப்ப நான் இன்னாதான் சார் பண்றது?"

பஞ்சாட்சரம் கண்ணை மூடி விதிகளை மனசுக்குள் புரட்டினார். "நகரணும். ஆனா ஓடக் கூடாது. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா, கொறைஞ்சது நூறு மீட்டர். ஆய்வாளர் முன்னிலையில."

இப்படியாக அந்த வண்டிக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. பஞ்சர் கடையில் நாலு பழைய டயர் கிடைத்தது. ஆளுக்கு வேதகிரி செங்கேணியைப் பிடித்தான். செங்கேணி, காலனி மாரியம்மன் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன். உருண்டு வருகிற தேரின் சக்கரத்துக்கு அடியில் சரியான நேரத்தில் கட்டையைச் செருகி நிறுத்துவது அவன் வேலை. அவன் சொன்னால் பன்னிரண்டு பேர் வருவார்கள். தேர் வடத்தையே எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

வேதகிரி போட்ட கணக்கு சுலபமானது. இந்தத் தடவை முன்னால் நூறு மீட்டர், அடுத்த தடவை பின்னால் நூறு மீட்டர். வருஷம் பூராவும் சட்டப்படி நகர்ந்துகொண்டே ஏரிமுனையிலேயே இருந்துவிடலாம்.

கணக்கைக் கெடுத்தது ஆண்டாளம்மாள் ஏற்றிய கற்பூரம். வடம் கட்டிப் பன்னிரண்டு பேர் நிற்பதைப் பார்த்ததும் வண்டிக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று அவள் வேண்டிக்கொண்டாள். அடுப்பு மாடத்தில் இருந்த கற்பூரக் கட்டியை எடுத்து வண்டி முன்னால் கொளுத்திவிட்டாள். ஆட்கள் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு இழுத்தார்கள். வண்டி நூறு மீட்டர் தள்ளிப் போய் நின்றது. மோகன்குமார் முப்பது மீட்டர் டேப்பை மூன்று தடவைக்கு மேல் விரித்து அளந்து 'நகர்வுப் பதிவேட்டில்' எழுதினார். அதில், 'இழுக்கப்படும்போது வாகனம் எதிர்ப்புத் தெரிவித்ததா?' என்று ஒரு கட்டம் இருந்தது. கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துவிட்டு, 'இல்லை' என்று போட்டார்.

பதினைந்து நாள் கழித்து, "இப்ப பின்னால இஸ்துக்கினு வாங்கப்பா," என்றான் வேதகிரி. ஒருத்தரும் வடத்தைத் தொடவில்லை.

"இன்னா பேசற வேதகிரி?" என்றான் செங்கேணி. "தேரு பின்னால போனா ஊருக்கு ஆவாது."

"இது தேரு இல்லடா. இட்லி வண்டி."

"வடம் கட்டியாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. அதுக்கு மேல இட்லி வண்டியாவது, இன்னாவது? முன்னால போயி, ஊரச் சுத்திக்கினுதான் நிலைக்கு வரணும். அதான் மொறை. வேணும்னா வேற ஆளப் பாத்துக்க."

வேறு ஆள் இல்லை. வண்டி இன்னும் நூறு மீட்டர் முன்னால் போனது.

ஆனி போய் ஆடி, ஆவணி என்று மாசம் போகப் போக, வண்டியும் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது நகர்வில் டெம்போ ஆட்கள் ஓடி வந்து பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஐந்தாவதில் அவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஏழாவதில் யாருமே வரவில்லை. வெறும் வயிற்றோடு டெம்போ ஏறிப் போனார்கள். ஆண்டாளம்மாள் ஆறு மணிக்கு ஊற்றிய இட்லி எட்டு மணி வரை குண்டானிலேயே இருந்தது. அவள் ஏரிமுனைப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எட்டாவது நகர்வில், ஐப்பசி முதல் வாரம், வண்டி பேரூராட்சி அலுவலக வாசலில் வந்து நின்றது.

அலுவலகம் அதை வரவேற்ற விதத்தைப் பார்த்துத்தான் வேதகிரிக்குப் பெரிய சந்தேகம் வந்தது. எழுத்தர் தட்டோடு வந்தார். பில் கலெக்டர் டம்ளரோடு வந்தார். பத்தரை மணிக்குப் பஞ்சாட்சரமே படியிறங்கி வந்து, "வா வா, இப்பவாவது வந்தியே," என்றார். ஏழு வருஷமாக முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருந்த இட்லியை, ஒரு விதியைப் போட்டு வாசலுக்கு வரவழைத்துவிட்டார்களோ? வீராசாமியும் மச்சானும் பாவம், வீணாகச் சந்தேகப்பட்டோம் என்று அவனுக்கு மனசு உறுத்தியது. உறுத்தினாலும் அவர்கள் மேல் இருந்த சந்தேகத்தை அவன் முழுசாக விட்டுவிடவில்லை.

அடுத்த வாரமே ஏரிமுனையில் கம்பி வேலி போட்டார்கள். நடுவில் பச்சைப் போர்டு: 'கைவிடப்பட்ட வாகனங்கள் நிறுத்துமிடம்'. மன்றத் தீர்மானத்தில், 'மேற்படி இடம் தற்போது காலியாக இருப்பதால்' என்று காரணம் சொல்லியிருந்தார்கள். அதைக் காலியாக்கியது யார் என்று தீர்மானத்தில் இல்லை. திறப்பு விழாவில் பஞ்சாட்சரம் பேசினார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"பெரியோர்களே, மத்த ஊர்கள்ல கைவிடப்பட்ட வாகனம் இருக்கு, வைக்க எடம் இல்ல. நம்மகிட்ட எடம் இருக்கு, வாகனம் இல்ல. இதுக்குப் பொதுமக்களாகிய நீங்கதான் காரணம். விதி வந்த மறு வாரமே அவங்கவங்க பழைய வண்டிய காயலான் கடையில போட்டுட்டீங்க, இல்லன்னா வீட்டுக்குள்ள தள்ளிக்கிட்டுப் போயிட்டீங்க. விதியப் போட்டவன் என்ன பண்ணுவான்னு ஒருத்தராவது நினைச்சுப் பாத்தீங்களா? மேல போட்டோ கேக்கறாங்க. வேலி இருக்கு, போர்டு இருக்கு, நான் இருக்கேன். நடுவுல நிக்கிறதுக்கு ஒரு வண்டி இல்ல. நமக்கு இது அவமானம்."

கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த ஆண்டாளம்மாள் வேதகிரியின் முழங்கையைக் கிள்ளினாள்.

"யோவ், கேட்டியா? கைவுட்ட வண்டின்னா இங்கயே வுட்ருவாங்களாம். நம்ம எடத்துலயே."

"அதுக்கு?"

"நாம கைவுட்டுட்டோம்னு எய்திக் குட்று."

வேதகிரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு மாசமா என் வண்டி, என் வண்டின்னு நாயா அலைஞ்சேன். இப்ப என் வண்டி இல்லன்னு எய்தித் தரணுமா? உனக்குப் பைத்தியமா?"

"கவர்மென்டு வேலிக்குள்ள நின்னா, ஆரு எடத்துல குந்திக்கினு கீறன்னு எவன்யா கேப்பான்?"

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், வண்டியைக் கைவிட்டுவிட்டதாகச் சொன்னான். சந்தேகப்படுவது இப்போது அலுவலகத்தின் முறையாயிற்று.

"என்னய்யா சொல்ற? கைவிடப்பட்ட வண்டியா அது?" என்று மோகன்குமார் எழுந்தே விட்டார். "இப்பதானே அதுல ஆறு இட்லி சாப்பிட்டுட்டு வரேன்?"

"சாப்பிடற ஆளாத்தானே சார் சாப்டீங்க?"

"அது அப்ப, ஏரிமுனையில, காலையில ஏழு மணிக்கு. இப்ப பத்தரை மணிக்கு, ஆபீஸ் வாசல்ல, ஆபீஸ் நேரத்துல சாப்பிடறேன். ஆபீசராத்தான் சாப்பிடறேன். முழு இயக்கத்துல இருக்கற வண்டிய கைவிட்டதா பொய் மனு குடுத்தா அது தண்டனைக்குரிய குற்றம், தெரியுமா?"

பஞ்சாட்சரம் இரண்டு மனசாக இருந்தார். அவருக்கு ஏரிமுனை யார்டுக்கு ஒரு வண்டி வேண்டும். வாசலில் இட்லியும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு நாள் பார்ப்போம்," என்று கோப்பை மூடினார்.

அந்தப் பதினைந்து நாளும் ஆண்டாளம்மாள் வண்டியைத் திறக்கவில்லை. குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஏரிமுனைக்கு நடந்தாள். வேலிக்கு வெளியே மூன்று கல் வைத்து, மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டி இட்லி ஊற்றினாள். டெம்போ ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஐப்பசி மழையும் வந்தது. இரண்டு தடவை அடுப்பு அவிந்தது, ஒரு தடவை மாவில் தண்ணீர் இறங்கியது. அரிசி மண்டிக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "யார் எடத்துல குந்திக்கினு கீற?" என்றும் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு வேதகிரி அவள் முகத்தைப் பார்க்காமல் விறகை ஊதிக்கொண்டே இருந்தான்.

அலுவலகம் முதல் வாரம் வீராசாமி கடை பன்னைத் தின்று சமாளித்தது. இரண்டாவது வாரம் மோகன்குமார், பூட்டிக் கிடந்த வண்டியைக் காலை ஏழு மணிக்கும் பத்தரை மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் போட்டோ எடுத்தார். கடமை மட்டும் காரணமில்லை. திறந்திருக்குமோ என்று ஒரு நப்பாசைதான்.

பதினாறாம் நாள் பஞ்சாட்சரம் கோப்பைத் திறந்தார். இட்லி எப்படியும் இல்லை என்றான பிறகு யார்டுக்கு வண்டியாவது கிடைக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்.

"இதுல கையெழுத்துப் போடு. 'மேற்படி வாகனத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.'"

வேதகிரி பேனாவை வாங்கினான். ஒன்பது வருஷம் தினமும் அந்த வண்டியின் கண்ணாடியைத் துடைத்தவன். அவனுக்கு அழுகை முட்டியது. எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகத் தன் பெயரைப் போட்டான்.

"ஏலத்துல வுட்ருவீங்களா சார்?"

"பத்து வண்டி சேர்ந்தாத்தான் ஏலம். இப்ப ஒண்ணுதானே?"

இழுத்துப் போகப் பேரூராட்சியிடம் வண்டி இல்லாததால், 'அவசர இழுவைப் பணி' செங்கேணிக்கே வந்தது. இந்தத் தடவை நூறு மீட்டர் பேச்சே இல்லை. அலுவலக வாசலில் கிளம்பி, தேரடித் தெரு சுற்றி, ஏரிமுனை வரைக்கும் ஒரே இழுப்பு. வேலிக்குள் பழைய இடத்திலேயே செங்கேணி கட்டையைச் செருகி நிறுத்தினான். "நிலைக்கு வந்துட்ச்சு," என்று நெற்றி வேர்வையை வழித்துவிட்டுக்கொண்டான். பஞ்சாட்சரம் வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து மேலே அனுப்பினார். பாராட்டுக் கடிதம் வந்ததாகக் கேள்வி.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வேலிக் கதவு திறந்திருந்தது. அதற்குப் பூட்டு வாங்கும் கோப்பு இன்னும் மேசைக்கு வரவில்லை. ஆண்டாளம்மாள் பலகையைத் தூக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஏழு மணிக்கு மோகன்குமார் வந்து, சாப்பிடுகிற ஆளாக பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து ஊரில் யாருடைய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றாலும் முதலில் ஓடிப்போய்த் தள்ளிவிடுகிறவன் வேதகிரிதான். இரண்டு நாள் ஒரே இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றால் அவனுக்குச் சோறு இறங்காது. ஏலத்துக்குக் குறைகிற அந்த ஒன்பது வண்டியை அவன் யார்டுக்குள் விடுவதாக இல்லை. ஊரில் அவனைப் பரோபகாரி என்கிறார்கள்.

யார்டு விதிப்படி மாசம் ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு, உரிமை கோர யாராவது இருக்கிறார்களா என்று மூன்று முறை உரக்கக் கேட்க வேண்டும். முதல் மாசம் மோகன்குமார் பதிவேட்டோடு வந்து வண்டி எதிரில் நின்றார். வேதகிரி ரோட்டுக்கு அந்தப் பக்கம், யாரோ வழிப்போக்கன் மாதிரி நின்றுகொண்டான். ஆண்டாளம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இது யார் வண்டி?" என்று கூவினார் மோகன்குமார்.

ஏரிக்கரையில் ஒரு மாடு திரும்பிப் பார்த்தது.

"இது யார் வண்டி?"

வேதகிரியின் வாய் தானாகவே திறந்தது. ஆண்டாளம்மாள் கீரையைப் பார்த்தபடியே அவன் கால் மேல் தன் காலை வைத்து அழுத்தினாள்.

"இது யார் வண்டி?"

'என் வண்டி' என்பதை அவன் எச்சிலோடு சேர்த்து விழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மோகன்குமார் பதிவேட்டைப் பிரித்தார். பிறகு, 'எவருமில்லை' என்று எழுதித் தேதி போட்டு, பதிவேட்டை மூடிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஆண்டாளம்மா, நாளைக்கு வடகறி உண்டா?"